ஹங்கேரிய காப்பி கேக்: எந்த அடிமாவு, எந்தத் தூவல்?

மாலைக் காப்பியுடன் சாப்பிடுவதற்காகச் சுடப்படும், பெரும்பாலும் மேற்பரப்பில் உதிரியான தூவல் கொண்ட கேக்கையே காப்பி கேக் என்கிறார்கள். அதில் காப்பித்தூள் சேர்வதில்லை. ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் ‘ஹங்கேரிய காப்பி கேக்’ என்று தேடினால் பெரும்பாலும் கிடைப்பது, ஈஸ்ட் மாவு உருண்டைகளை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, வால்நட் பொடியில் புரட்டி, அச்சில் அடுக்கிச் சுடும் அரன்ய்கலுஷ்கா. ஆனால் ஹங்கேரிய வீடுகளில் ‘மோர்ஷாஷ்’, அதாவது உதிரி தூவியது, என்று சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது செவ்வகத் தட்டில் சுட்டு, சதுரத் துண்டுகளாக வெட்டிப் பரிமாறும் பழக் கேக்தான். அதிலும் அடிமாவு வீட்டுக்கு வீடு மாறும்: ஈஸ்ட் மாவு ஒரு வகை, கெஃபிர் என்னும் புளித்த பாலை ஊற்றிக் கலக்கிய மாவு ஒரு வகை, பிஸ்கட் மாவைத் துருவிப் போடுவது ஒரு வகை, மாவைப் பிசையாமலேயே அடுக்கிவிடுவது இன்னொரு வகை. முதன்முறையாக வீட்டில் சுட நினைப்பவர், படத்தில் பொன்னிறமாகத் தெரியும் தூவலைப் பார்த்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வது வழக்கம். அது சரியான வழியல்ல என்பதே என் கருத்து. தூவலில் வேறுபாடு சிறியது. அடிமாவு எது, சுட்ட கேக் எந்த நேரத்தில் யாரால் சாப்பிடப்படப் போகிறது என்ற இரண்டுமே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

அரன்ய்கலுஷ்காவிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் ஐந்திலும் அதுவே அதிக உழைப்பைக் கேட்பது, சரியாக வந்தால் அதிக மகிழ்ச்சியைத் தருவதும் அதுவே. அரைக் கிலோ மைதாவுக்குக் கால் லிட்டர் வெதுவெதுப்பான பால், இரண்டு அல்லது மூன்று மஞ்சள் கரு, 80 கிராம் வெண்ணெய், அதே அளவு சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, துருவிய எலுமிச்சைத் தோல் என்பது பொதுவான கணக்கு. ஹங்கேரியில் புதிய ஈஸ்ட் 50 கிராம் கட்டிகளாக விற்கப்படுகிறது. அதில் பாதி இந்த அளவு மாவுக்குப் போதும், உலர் ஈஸ்ட் என்றால் 7 கிராம். பால் கை பொறுக்கும் சூட்டைத் தாண்டக்கூடாது, ஏனென்றால் 55 டிகிரி செல்சியசை நெருங்கும்போதே ஈஸ்ட் செத்துப்போகத் தொடங்குகிறது. வெண்ணெயும் மஞ்சள் கருவும் நிறைந்த மாவு மெதுவாகத்தான் உப்பும் என்பதால், அது இருமடங்காக ஒரு மணி நேரம், அடுக்கிய பின் மீண்டும் அரை மணி நேரம், ஓவனில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் என்று மொத்தம் மூன்று மணி நேரத்தை ஒதுக்கிவிட வேண்டும். இதில் கை வேலை முக்கால் மணி நேரத்துக்கு மேல் இராது, மீதியெல்லாம் காத்திருப்பு.

இந்தக் கேக்கின் உயிர் அடுக்கும் கட்டத்தில் இருக்கிறது. உப்பிய மாவை விரல் தடிமனுக்குப் பரப்பி, மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள வட்ட வெட்டியால் வெட்டி, ஒவ்வொரு வில்லையையும் உருக்கிய வெண்ணெயில் முழுவதுமாக முக்கியெடுத்து, சொட்டு வடிந்ததும் சர்க்கரை கலந்த வால்நட் பொடியில் புரட்ட வேண்டும். வெண்ணெய் படாத இடத்தில் பொடி ஒட்டாது. பொடி ஒட்டாத இடத்தில் இரண்டு வில்லைகள் ஒன்றோடொன்று இணைந்து வெறும் ரொட்டியாகிவிடும். அதனால்தான் தோய்ப்பதற்கென்று தனியாக எடுக்கும் 100 கிராம் வெண்ணெய் அதிகமாகத் தோன்றினாலும் அதைக் குறைக்கக்கூடாது. வில்லைகளை நெருக்கி வைக்காமல் இடையில் சிறிது இடம் விட்டு அடுக்க வேண்டும். உப்பும்போது அவை தாமாகவே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். வால்நட்டை மாவாக அரைத்துவிடாமல் ரவைப் பதத்தில் நிறுத்துவது நல்லது. பொடியோடு உலர்ந்த கேக் துகளைச் சேர்ப்பவர்களும் உண்டு. வெண்ணெயை அது உறிஞ்சிக்கொள்வதால் பூச்சு கெட்டியாக அமையும்.

வால்நட் எத்தகையது என்பது இங்கே மிகவும் முக்கியம். அதன் எண்ணெய் எளிதில் சிக்குப் பிடிக்கும் தன்மையுடையது. பழைய வால்நட்டின் கசப்பைச் சர்க்கரையாலும் வனிலாவாலும் மறைக்க முடியாது. ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில், திசா ஆற்றங்கரையில் உள்ள மிலோட்டா என்ற ஊரின் பெயரைத் தாங்கிய வால்நட் அங்கே பெயர் பெற்றது, கிராமத்து வீட்டுத் தோட்டங்களில் வால்நட் மரம் நிற்பதும் சாதாரணம். ஆகவே அங்குள்ள இல்லத்தரசிக்குப் புதிய பருப்பு கிடைப்பது சிரமமில்லை. உங்கள் ஊரில் பொட்டலத்தில் மட்டுமே கிடைக்கும் என்றால், வாங்கிய உடனே ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கசந்தால் அன்றைக்கு வேறு கேக்கைச் சுடுவதே மேல்.

ஹங்கேரியில் இது மாலைச் சிற்றுண்டி மட்டுமல்ல. கெட்டியான பீன்ஸ் சூப் அல்லது குயாஷ் என்னும் இறைச்சி சூப்புக்குப் பிறகு இரண்டாம் உணவாகவே, சூடான வனிலா சாஸ் ஊற்றிப் பரிமாறுவார்கள். சூப்பிலேயே இறைச்சியும் பருப்பும் சேர்ந்துவிடுவதால், அடுத்து வரும் இனிப்பு மாவுப் பண்டம் உணவை நிறைவு செய்துவிடுகிறது. ஹங்கேரிய யூதக் குடும்பங்களில் நிலைமை வேறு. வெண்ணெய் சேர்ந்த பண்டத்தை இறைச்சியோடு உண்ணக்கூடாது என்ற உணவு விதி இருப்பதால், அவர்களிடம் அது இறைச்சி உணவிலிருந்து பிரிந்து காப்பியோடு சேர்ந்தது. அமெரிக்காவுக்குக் குடியேறிய ஹங்கேரிய யூதர்களின் பேக்கரிகள் வழியாகவே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது அங்கே பரவியது, பிறகு மங்கி பிரெட் என்னும், பிய்த்துத் தின்னும் ரொட்டியின் பெயரோடு கலந்தும் போயிற்று; 1980களில் அமெரிக்க அதிபரின் மனைவி நான்சி ரீகன் வெள்ளை மாளிகையில் மங்கி பிரெட்டைப் பரிமாறியதும் அந்தப் பெயருக்குப் புகழ் சேர்த்தது. இந்த வரலாறு தேர்வுக்கும் உதவுகிறது: அரன்ய்கலுஷ்கா சூடாக, சாஸோடு, மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து பிய்த்துத் தின்னும் பண்டம். கத்தியால் வெட்டித் தட்டில் வைத்து அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லும் கேக்காக அதை நினைத்தால் பொருந்தாது. மறுநாள் அது பாதி சுவைகூட இல்லாமல் போகும். ஈஸ்ட் மாவில் உள்ள ஸ்டார்ச் ஆறியபின் இறுகுகிறது, குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையில் இன்னும் விரைவாக இறுகுகிறது. மீந்ததை மூடி வைத்து மறுநாள் சிறிது சூடாக்கி உண்ணலாம், அவ்வளவே.

அடுத்தது ஈஸ்ட் மாவைத் தட்டில் பரப்பி, மேலே பழம் அடுக்கி, தூவல் போடும் வகை. மாவு ஏறக்குறைய அதே மாவுதான், வெண்ணெய் மட்டும் சற்றுக் குறைவு. உருண்டை பிடிக்கும் வேலை இல்லாததால் உழைப்பும் குறைகிறது. பழத்தில் பிளம்ஸ் முதன்மையானது: ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வரும் பெஸ்டெர்ட்ஸே வகை நீலப் பிளம்ஸ், கொட்டை எளிதில் கழன்று வருவதாலும் சதை கெட்டியாக இருப்பதாலும், ஓவன் சூட்டில் குழைந்து ஓடிவிடாது. ஜூன், ஜூலையில் புளிப்புச் செர்ரி. பிளம்ஸை இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் மேலே பார்க்க அடுக்குவதற்குக் காரணம் உண்டு. சாறு குழியிலேயே நின்று வற்றும், கவிழ்த்து வைத்தால் மாவுக்குள் இறங்கிவிடும். பழத்துக்கு அடியில் ஒரு கைப்பிடி ரொட்டித்தூள் அல்லது ரவை தூவுவது ஹங்கேரியச் சமையலறையின் பழைய வழக்கம். சாறு மிகுந்த பழத்துக்கு அதைத் தவிர்த்தால் அடி சொதசொதவென்று ஆகிவிடும்.

தூவலைப் பற்றிச் சொல்ல இதுவே இடம். மாவு, சர்க்கரை, வெண்ணெய் மூன்றும்தான் பொருள். எடைக் கணக்கில் 2:1:1 என்றால் காய்ந்து மொறுமொறுப்பாக வரும், 3:2:2 என்றால் வெண்ணெய் சற்றுக் கூடிப் பெரிய கட்டிகளாக அமையும். குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, புட்டுக்கு மாவு பிசிறுவது போல விரல்நுனியால் பிசிறினால், பிடித்தால் பிடிபடவும் உதறினால் உதிரவும் செய்யும் பதம் வரும். உருக்கிய வெண்ணெயை ஊற்றி முள்கரண்டியால் கிளறினால் வேலை விரைவில் முடியும், ஆனால் கட்டிகள் பெரிதாகவும் சமமற்றும் இருக்கும். பழம் இல்லாத கேக்குக்கு அது அழகுதான். பழத்தின் மேலோ சாற்றைத் தாங்கும் நொய்த்தூவலே எனக்கு ஏற்புடையது. விரலால் பிசிறும்போது தவறு நேர்வது ஒரே இடத்தில்: கை சூட்டில் வெண்ணெய் உருகி, தூவல் ஒரே உருண்டையாகத் திரண்டுவிடும். அவ்வாறு ஆனால் அதை உடைத்துப் போராடாமல் இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பின்னர் உதிர்த்தால் சரியாகிவிடும்.

இத்தனை நேரம் இல்லாதவர்களுக்காகவே ஹங்கேரியில் கோப்பை அளவுக் கேக் வளர்ந்தது. தராசு வேண்டாம், ஒரே கோப்பையால் இரண்டு மாவு, ஒரு சர்க்கரை, ஒரு கெஃபிர், அரைக் கோப்பை எண்ணெய், இரண்டு முட்டை, ஒரு பொட்டலம் பேக்கிங் பவுடர் என்று கலக்கித் தட்டில் ஊற்றி, பழத்தையும் தூவலையும் போட்டுவிடலாம். கெஃபிர் கிடைக்காத இடத்தில் கெட்டியான புளித்த மோர் அதன் வேலையைச் செய்யும், ஏனெனில் இங்கே தேவைப்படுவது அதன் புளிப்பும் ஈரமும்தான். கலக்கிய மாவை வைத்திருக்காமல் உடனே ஓவனில் வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர இதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஆனால் இதன் குறை தூவலில்தான் வெளிப்படுகிறது. மாவு தளர்வாக இருப்பதால் கனமான தூவலும் செர்ரியும் உள்ளே அமிழ்ந்துவிடும். மேலே மொறுமொறுப்பாக இருக்க வேண்டியது நடுவில் ஈரக் கட்டியாகக் கிடக்கும். மாவை முதலில் பத்து நிமிடம் சுட்டு மேற்பரப்பு இறுகிய பின் தூவினால் இது பெருமளவு தவிர்க்கப்படும். வெந்ததா என்பதை ஊசி குத்திப் பார்த்தே சொல்ல முடியும், தூவலின் நிறத்தை நம்பக்கூடாது. அது முன்னதாகவே சிவந்துவிடும்.

துருவல் கேக்கை, அதாவது ரெஸெல்ட் வகையை, நான் இந்த வரிசையில் மிக உயரத்தில் வைப்பேன். அரைக் கிலோ மாவுக்கு 250 கிராம் வெண்ணெய், 150 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை, இரண்டு மூன்று கரண்டி புளித்த க்ரீம், சிறிது பேக்கிங் பவுடர் சேர்த்து வேகமாகப் பிசைந்த பிஸ்கட் மாவு இது. மார்கரினோ பன்றிக் கொழுப்போ சேர்க்கும் வீடுகளும் உண்டு. சைவம் உண்பவர்கள் ஹங்கேரியக் கடையில் வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. மாவில் மூன்றில் ஒரு பங்கைப் பிரித்து ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, மீதியைத் தட்டின் அடியில் பரப்பிவிட்டு, அதன் மேல் தூரோ என்னும் புதிய பாலாடைக்கட்டியைச் சர்க்கரை, எலுமிச்சைத் தோல், வனிலா, இரண்டு கரண்டி ரவை ஆகியவற்றோடு கலந்து நிரப்ப வேண்டும். பிறகு உறைந்த மாவுக் கட்டியை எடுத்து, துருவியின் பெரிய துளைப் பக்கத்தில், தட்டின் மேலேயே நேராகத் துருவ வேண்டும். புழு போன்ற மாவுச் சுருள்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து இடையில் காற்று தங்குவதால், சுட்டதும் அவை தனித்தனியாக முறுகுகின்றன. பிசிறிய தூவலில் கிடைக்காத மெல்லிய மொறுமொறுப்பு இதில் வருகிறது. துருவியதைக் கையால் அமுக்கவோ பரப்பவோ கூடாது. கட்டி இளகத் தொடங்கினால் துருவியின் துளைகளில் அப்பிக்கொள்ளும், அப்போது அதை மீண்டும் ஃப்ரீசருக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை. தமிழ்நாட்டு வெயிலில் சுடுபவர்கள் கட்டியை இரண்டாகப் பிரித்து வைத்து, ஒன்று வெளியே இருக்கும்போது மற்றொன்றை உள்ளே வைத்துக்கொள்வது உதவும். ஈஸ்ட் இல்லாததாலும் கொழுப்பு மிகுந்திருப்பதாலும் இந்தக் கேக் இரண்டு மூன்று நாட்களுக்குத் தாங்கும். தூரோ நிரப்பியதைக் குளிரில் வைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கடைசி வகையான போல்கார் அல்மாஷ், பெயரால் பல்கேரியாவைச் சேர்ந்ததாக இருந்தாலும் ஹங்கேரிய வீடுகளில் வேரூன்றிவிட்ட ஆப்பிள் கேக். ஒரு கோப்பை மைதா, ஒரு கோப்பை ரவை, ஒரு கோப்பை சர்க்கரை, பேக்கிங் பவுடர் நான்கையும் உலர்ந்தபடியே கலந்து மூன்று பங்காக்கி, துருவிய ஆப்பிளோடு மாற்றி மாற்றி அடுக்கி, மேலே வெண்ணெய்த் துண்டுகளைப் பரப்பி, 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் சுட்டால் முடிந்தது. ஒன்று ஒன்றரைக் கிலோ ஆப்பிள் வேண்டும். அங்கே யோனதான் போன்ற புளிப்பு ஆப்பிளைத் தேடுவார்கள். ஆப்பிளின் சாறு கீழிருந்தும் வெண்ணெய் மேலிருந்தும் மாவை நனைப்பதால், தட்டுக்குள்ளேயே அடிமாவும் தூவலும் உருவாகிவிடுகின்றன. எனவே துருவிய ஆப்பிளைப் பிழியவே கூடாது. வெண்ணெயை ஃப்ரீசரில் உறைய வைத்துத் துருவிப் பரப்பினால், ஆங்காங்கே வெள்ளை மாவுத் திட்டுகள் நிற்கும் குறையும் நீங்கும். சிலர் முட்டையும் பாலும் அடித்து மேலே ஊற்றுவார்கள் என்றாலும் அடிப்படைச் செய்முறையில் முட்டையே கிடையாது. முட்டை உண்ணாத தமிழ் வீட்டுக்கு, எதையும் மாற்றாமல், மாற்றுப்பொருள் தேடாமல் செய்யக்கூடியது இந்த ஐந்தில் இது ஒன்றுதான் என்பதே இதற்குப் போதுமான பரிந்துரை. ரவை ஊறி இளகுவதால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

மாவு எது என்ற கேள்வி ஐந்துக்கும் பொது. ஹங்கேரியர்கள் கேக்குக்குப் பயன்படுத்துவது BL55 என்று குறியிட்ட மென்மாவு. அந்த எண் மாவில் உள்ள சாம்பல் சத்து, அதாவது மாவை எரித்தால் எஞ்சும் சாம்பல், 0.55 விழுக்காடு என்பதைக் காட்டுகிறது, எண் கூடக்கூடத் தவிடு கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புடாபெஸ்ட் உலகின் பெரும் மாவு ஆலை நகரங்களில் ஒன்றாக இருந்தது. 1870களில் அங்குள்ள கான்ஸ் தொழிற்சாலையில் பொறியாளர் ஆண்ட்ராஷ் மெக்வார்ட் மேம்படுத்திய உருளை அரவை எந்திரம் அதற்குப் பெரிதும் துணை நின்றது, அமெரிக்காவின் மினியாபொலிஸ் ஆலைகளும் ஹங்கேரிய அரவை முறையிலிருந்து பாடம் கற்றன. நமக்குக் கிடைக்கும் மைதா துருவல் கேக்குக்கும் கோப்பைக் கேக்குக்கும் நேரடியாகப் பொருந்தும். ஈஸ்ட் வகைகளுக்கோ, பாலை ஒரேயடியாக ஊற்றாமல், கடைசி இரண்டு மூன்று கரண்டியை நிறுத்தி வைத்துத் தேவையைப் பார்த்துச் சேர்ப்பது பாதுகாப்பு.

அச்சு பற்றி ஒரு சொல். அரன்ய்கலுஷ்காவை வட்ட அச்சிலும் சுடலாம், நடுவில் துளையுள்ள குக்லோஃப் அச்சிலும் சுடலாம். வட்ட அச்சில் நடுவிலுள்ள உருண்டைகள் வேகும் முன்பே ஓரத்துச் சர்க்கரை கருகத் தொடங்கும் என்பதால் புதியவர்களுக்குத் துளை அச்சையே பரிந்துரைப்பேன். உலகெங்கும் கிடைக்கும் பண்ட் அச்சு இதற்கு மிகவும் ஏற்றது. மேற்படி மினியாபொலிஸ் நகரிலேயே 1950இல், பாட்டி காலத்துக் குக்லோஃப் அச்சைப் போன்ற ஒன்று வேண்டும் என்று யூதப் பெண்கள் அமைப்பினர் கேட்டதன் பேரில், டேவிட் டால்க்விஸ்ட் வடிவமைத்தது அது. தட்டில் சுடும் மற்ற நான்குக்கும் 25க்கு 35 சென்டிமீட்டர் அளவுள்ள தட்டு போதும். ஓவனில் விசிறி ஓடுமானால் 180 என்பதை 160 ஆகக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தூவல் கருகியும் உள்ளே பச்சையாகவும் இருக்கும்.

இனித் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை மதியம் உறவினர்கள் வருகிறார்கள், காலையிலிருந்து அடுக்களையில் இருக்க முடியும், வால்நட் புதியது என்றால் அரன்ய்கலுஷ்காவைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். அதில் சாஸைத் தவிர்க்காதீர்கள். அரை லிட்டர் பாலில் மூன்று மஞ்சள் கருவும் ஒரு கரண்டி சோளமாவும் சர்க்கரையும் வனிலாவும் சேர்த்து, சிறு தீயில் கிளறி இறக்கினால் போதும், சோளமாவு இருப்பதால் முட்டை திரிந்துவிடும் என்ற அச்சமும் குறையும். முந்தைய நாளே செய்து வைக்க வேண்டும், துண்டு போட்டு எடுத்துச் செல்ல வேண்டும் என்றால் துருவல் கேக். நல்ல பிளம்ஸ் கூடை கையில் வந்து சேர்ந்து, அன்றைக்கே எல்லோரும் சாப்பிடுவார்கள் என்றால் ஈஸ்ட் தட்டுக் கேக். பழம் சாதாரணமானது என்றால் அந்த உழைப்பு வீண், கோப்பைக் கேக்கே அதற்குத் தகும். முட்டை கூடாது, தராசு இல்லை, ஈஸ்ட்டோடு பழக்கமும் இல்லை என்பவர் தயங்காமல் ஆப்பிள் கேக்கில் தொடங்கலாம். ஓவனின் குணம் அதில் தெரிந்துவிடும், ஏனெனில் அடியும் மேலும் ஒரே சீராகச் சிவக்காத ஓவனில் ஈஸ்ட் மாவை முதலில் வைப்பது மூன்று மணி நேர உழைப்பைப் பணயம் வைப்பதாகும். பிசிறும் தூவல் எந்த வகைக்குச் செய்தாலும் இருமடங்காகச் செய்து, பாதியைப் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். அது ஒரு மாதத்துக்கு மேல் கெடாமல் இருக்கும், உருக்காமல் அப்படியே எடுத்து அடுத்த கேக்கின் மேல் தூவலாம்.